டிஸ்ஃபோரியா என்றால் எந்த டிஸ்ஃபோரியா?

சேலத்தில் மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பாதி வேலைதான். "டாக்டர் என்னமோ எழுதியிருக்காருங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுகிற சீட்டைப் படித்துச் சொல்வது மீதி வேலை. அந்தச் சீட்டுகளில் சில வருஷமாக ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது: டிஸ்ஃபோரியா. சிலதில் 'டிஸ்ஃபோரிக் மூட்' என்று இருக்கும்.

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிற ஒருவர் இந்தச் சொல்லோடு வந்தார். மனைவிக்கு மாசா மாசம் வரும் தொந்தரவுக்காக டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பையன் சீட்டில் இருந்த சொல்லை போனில் தட்டிப் பார்த்திருக்கிறான். வந்தது முழுக்கத் திருநங்கைகள், திருநம்பிகள் பற்றிய செய்திகள். "இதுக்கும் எம் பொண்டாட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டவருக்கு முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த அம்மாவுக்கு இருந்தது மாதவிலக்குக்கு முன்னால் வரும் டிஸ்ஃபோரியா. பையன் படித்தது பாலின டிஸ்ஃபோரியா.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. டிஸ்ஃபோரியா என்பது ஓர் உணர்வுநிலையின் பெயர். பல நோய்களில் அது வரும். நோய் என்றே சொல்ல முடியாத நிலைகளிலும் வரும். முன்னால் ஒட்டியிருக்கும் சொல்தான் அது எங்கிருந்து வருகிறது என்று காட்டும். முன்சொல்லை விட்டுவிட்டுப் பின்சொல்லை மட்டும் தேடினால் வேறெதையோ படித்துப் பயந்துபோக வேண்டியதுதான்.

சரி, அந்த உணர்வு எப்படி இருக்கும்? உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால்கூடச் சுள்ளென்று வரும். குக்கர் விசில், டிவி சத்தம், குழந்தையின் சிணுங்கல் எல்லாம் தாங்காது. அழுகை முட்டிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கவுன்ட்டரில் இதைச் சொல்கிறவர்கள் யாரும் டிஸ்ஃபோரியா என்று சொல்வதில்லை. "ஒரு மாதிரியா இருக்குங்க", "இருப்பே கொள்ளலீங்க", "எம் மேலயே எனக்கு வெறுப்பா வருது" என்பார்கள். 'சுமக்கக் கடினமானது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் இது. குதூகலத்தைக் குறிக்கும் யூஃபோரியாவுக்கு நேர் எதிர்.

சோகத்திலிருந்து இது விலகி நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சோகத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதைச் சொல்லி அழுதால் கொஞ்சம் இறங்கும். டிஸ்ஃபோரியாவில் வருத்தத்தோடு எரிச்சலும் பதற்றமும் அதிருப்தியும் கலந்திருக்கும். அதனால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது கஷ்டமாகத் தெரியாது, திமிராகத் தெரியும். அழுகிற ஆளுக்கு ஆறுதல் கிடைக்கும். எரிந்து விழுகிற ஆளுக்குத் திட்டுதான் கிடைக்கும். டிஸ்ஃபோரியாவோடு இருப்பவர்கள் இத்தனை தாமதமாக மருத்துவரிடம் வருவதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

மருத்துவர்கள் இதைக் காய்ச்சல் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் இருக்கிறது என்பது தெரிந்த பிறகு டைபாய்டா, டெங்குவா, வெறும் சளியா என்று பார்க்க வேண்டும் அல்லவா? இங்கேயும் அதே வேலைதான். அந்த வேலையில் முதல் கேள்வி: எப்போது வருகிறது, எப்போது போகிறது?

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மாதவிலக்குக்கு முந்தைய டிஸ்ஃபோரியாவை விட நல்ல உதாரணம் கிடையாது. மருத்துவத்தில் இதைப் பிஎம்டிடி என்று சுருக்கிச் சொல்வார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஒருமுறை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த அஞ்சாறு நாள் நான் நானா இருக்க மாட்டேங்க. கை வேலைக்கே போகாது. கண்ணி கோக்கறப்ப ஒண்ணு தவறினா எடுத்து வீசணும்போல இருக்கும். தூரமாயிட்டா மறுநாளே எல்லாம் சரியாப் போயிடும்." உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு மாதத்தில் ஐந்தாறு நாள் கை ஓடவில்லை என்றால் அது பணம். மாமியார் அதற்கு வைத்திருந்த பெயர் 'கொழுப்பு'. பக்கத்து வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கட்டியும் இருக்கிறார், கயிறு கட்டிய மூன்றாம் நாள் தூரமாகிவிட்டதால் கயிறுக்கு நல்ல பெயர், அடுத்த மாதம் வரைக்கும்.

அந்தப் பெண் கடைசியாகச் சொன்ன வாக்கியம் இருக்கிறதே, "தூரமாயிட்டா சரியாப் போயிடும்" என்பது, அதைத்தான் மருத்துவம் முதலில் தேடுகிறது. உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, டிஎஸ்எம்-5, 2013-ல் வந்தது. அதன்படி மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அறிகுறிகள் இருக்க வேண்டும். இரத்தப்போக்கு தொடங்கிச் சில நாளில் அவை குறையத் தொடங்க வேண்டும். மாதவிலக்கு முடிந்த பிறகு வரும் வாரத்தில் இல்லவே இல்லை என்னும் அளவுக்குப் போயிருக்க வேண்டும். பட்டியலில் 11 அறிகுறிகள் உண்டு. குறைந்தது 5 இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றாவது மனநிலை சட்டென்று மாறுவது, கடும் எரிச்சல், மனம் இடிந்துபோவது, பதற்றம் இந்த நான்கில் ஒன்றாக இருந்தாக வேண்டும். வயிறு உப்புசம், மார்பு வலி, தூக்கக்கேடு எல்லாம் சேர்த்தி. ஆனால் அவை மட்டும் இருந்தால் இந்தப் பெயர் பொருந்தாது.

நினைவை வைத்துச் சொல்வதை அந்தக் கையேடு முழுசாக நம்புவதில்லை. குறைந்தது இரண்டு மாதச் சுழற்சி, அன்றன்றைக்குக் குறித்து வைக்கச் சொல்கிறது. அதற்கென்று அச்சடித்த படிவங்கள் இருக்கின்றன, போனில் செயலிகளும் இருக்கின்றன. நான் சொல்லும் வழி வேறு: சுவரில் பால் கணக்குக் குறிக்கிற மாதக் காலண்டர் இருக்கும் இல்லையா, அதே கட்டத்தின் மூலையில் ஒரு எண் போடுங்கள். ஒன்று என்றால் ஒன்றுமில்லை, ஆறு என்றால் தாங்க முடியவில்லை. தூரமான நாளைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு மாதத்தில் ஐந்தும் ஆறும் வட்டத்துக்கு முன்னால் குவிந்து, வட்டத்துக்கு அப்புறம் ஒன்றும் இரண்டுமாக இறங்கியிருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. எண்கள் மாதம் முழுக்க நாலும் ஐந்துமாகவே நின்று, அந்த வாரத்தில் மட்டும் ஆறுக்குப் போனால் கதை வேறு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் மனச்சோர்வோ பதற்ற நோயோ மாதவிலக்கை ஒட்டிக் கூடுகிறது என்று அர்த்தம். மருந்தும் அதற்கேற்ப மாறும்.

இந்த நோய்க்கு ஹார்மோன் பரிசோதனைக்கென்று லேபில் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, "எல்லாம் நார்மல்னு வந்துடுச்சுங்க, அப்ப ஒண்ணுமில்லதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நார்மல் என்றுதான் வரும். 1998-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழுவினர் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாதவிலக்குக்கு முன் கடும் தொந்தரவு வரும் பெண்களுக்கு மருந்து கொடுத்துச் சூலக ஹார்மோன்களை நிறுத்தினார்கள். பலருக்கு அறிகுறிகள் அடங்கின. பிறகு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்ரோனையும் சாதாரண அளவில் திருப்பிக் கொடுத்தார்கள், அறிகுறிகள் திரும்பின. அதே அளவை இந்தத் தொந்தரவு இல்லாத பெண்களுக்குக் கொடுத்தபோது அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஹார்மோன் அளவில் குறை கிடையாது. அந்த ஏற்ற இறக்கத்துக்குச் சிலருடைய மூளை காட்டும் எதிர்வினைதான் வேறுபடுகிறது. ரத்தத்தை மட்டும் சோதித்தால் அது எப்படித் தெரியும்?

மருந்திலும் ஒரு வினோதம் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் வழக்கமாகப் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். இந்த நோயில் சில நாளிலேயே வேலை செய்யும். அதனால் சிலருக்குச் சுழற்சியின் பின்பாதியில், சுமார் இரண்டு வாரம் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று மருத்துவர் சொல்வார். ட்ரோஸ்பைரினோன் கலந்த கருத்தடை மாத்திரை இன்னொரு வழி. இதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டது என்று சீட்டு இல்லாமல் வந்து கேட்காதீர்கள்.

இதை நோய் என்று எழுதலாமா என்பதிலேயே நீண்ட சண்டை நடந்தது. 1987-ல் வேறொரு நீளமான பெயரில் கையேட்டின் பின்னிணைப்புக்குள் வந்தது. 1994-லும் பின்னிணைப்பிலேயே இருந்தது. 2013-ல்தான் முக்கியப் பகுதிக்குள் நுழைந்தது. பெண் இயக்கத்தவர் பலர் எதிர்த்தார்கள். மாதவிலக்கையே மனநோய் ஆக்கிவிடுவார்கள், கோபப்படுகிற பெண்ணையெல்லாம் 'அந்த நேரம்' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கையேடு மதிப்பிட்டபடி மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களில் 100-க்கு சுமார் 2 முதல் 6 பேருக்குத்தான் இது இருக்கிறது. மற்றவர்களுக்கு வரும் சாதாரணச் சிடுசிடுப்பை இதோடு சேர்க்கவே கூடாது. இருக்கிற அந்தச் சிலருக்குச் சாகலாம் என்ற எண்ணம் வரைக்கும் போகிறது என்பதால் பெயர் வைத்ததில் தப்பில்லை என்பது என் கட்சி.

தாய்ப்பால் கொடுக்கும்போது வருவதும் ஒன்று உண்டு. பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். பால் சுரந்து இறங்குவதற்குச் சற்று முன்னால் திடீரென்று மனம் பள்ளத்தில் விழுந்த மாதிரி ஆகி, சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். டி-மெர் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். டோபமின் என்னும் மூளை ரசாயனம் சட்டென்று குறைவதால் இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நாள் முழுக்க இருக்கும், இது பால் கொடுக்கும் நேரத்தோடு முடிந்துவிடும். "குழந்தையை எடுத்தாலே அழுவறா, பிடிக்கலையாட்டம் இருக்கு" என்று பாட்டிகள் முடிவு கட்டுவதற்கு முன் அந்த நேரக்கணக்கைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

மருந்தே கொண்டுவரும் டிஸ்ஃபோரியாவைக் கடையில் நிற்கிறவன் அதிகம் பார்க்கிறான். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் மூளையில் டோபமின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. பிரமை அடங்கும். ஆனால் சிலருக்கு அதோடு உள்ளுக்குள் சுகமற்ற ஒரு நிலை வரும். கால் ஒரு இடத்தில் நிற்காது. அவர்கள் "மாத்திரை போட்டா ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவார்கள். வீட்டில் அதைப் பிடிவாதம் என்பார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். வலிக்குப் போடும் பென்டசோசின் ஊசியிலும் இது வரலாம். மூளையில் மருந்து போய் ஒட்டும் இடத்தை ஏற்பி என்பார்கள். மார்ஃபின் சுகம் தருவதற்குக் காரணமான ஏற்பி ஒன்று. இந்த ஊசி அதோடு கப்பா என்ற இன்னொரு ஏற்பியையும் தூண்டுகிறது, அந்தப் பக்கம் போனால் சுகத்துக்குப் பதில் கலவரம்.

குடியை நிறுத்தினவர் விஷயம் இன்னும் சிக்கல். பல வருஷம் குடித்த மூளை, சாராயம் இல்லாமல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், எதிலும் நிம்மதி காணாது. எதைப் பார்த்தாலும் எரிச்சல். "குடிக்கறப்பவே மனுசன் நல்லா இருந்தாருங்க" என்று மனைவியே சொல்லிவிடுவார். திரும்பக் குடிக்க இழுப்பது பெரும்பாலும் சந்தோஷ ஆசை அல்ல, இந்த வேதனையிலிருந்து தப்பிக்கும் ஆசை. அதிகம் குடித்தவர் டாக்டர் துணை இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குதூகலமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயிலும் (பைபோலார்) டிஸ்ஃபோரியா வரும். தூக்கம் குறைந்து, பேச்சு வேகமாகி, எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் குதூகலத்துக்குப் பதில் எரிச்சலும் அழுகையும். இதை வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். வலிப்பு நோயாளிகள் சிலருக்கும் வலிப்புகளுக்கு இடையே இப்படி ஒரு நிலை வந்து போகும்.

இப்போது அந்தப் பையன் படித்த விஷயத்துக்கு வரலாம். இணையத்தில் டிஸ்ஃபோரியா என்று மொட்டையாகச் சொன்னால் இன்றைக்குப் பெரும்பாலும் பாலின டிஸ்ஃபோரியாதான். பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ எழுதியதும் தன்னைப் பற்றித் தான் உணர்வதும் ஒத்துப்போகாதபோது வரும் வேதனை அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் நார்மன் ஃபிஸ்க் 1970-களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கையேடு 2013 வரைக்கும் 'பாலின அடையாளக் கோளாறு' என்று எழுதிக்கொண்டிருந்தது. ஐந்தாம் பதிப்பில் கோளாறை எடுத்துவிட்டு டிஸ்ஃபோரியாவை வைத்தார்கள். இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. திருநராக இருப்பது நோய் ஆகாது. அதனால் வேதனை ஏற்பட்டு, குறைந்தது 6 மாதம் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுத்தால் அந்த வேதனைக்குத்தான் மருத்துவப் பெயர். உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் இந்த நிலை மனநோய்ப் பிரிவிலேயே இல்லை. 'பாலினப் பொருத்தமின்மை' என்ற பொருளில் வேறு பெயர் கொடுத்து, பாலியல் நலம் சார்ந்த பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வேதனை இருந்தாக வேண்டும் என்றுகூட நிபந்தனை கிடையாது.

வேதனை எந்த நேரத்தில் குத்தும்? பெரிய தருணங்களில்தான் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் வகுப்பில் குரல் உடையும்போது, பக்கத்துப் பையன்கள் அதைப் பெருமையாகப் பேச, இவருக்கு வாயைத் திறக்கவே பிடிக்காமல் போகும். வயதுக்கு வந்ததற்குச் சீர் வைத்துப் பந்தல் போட்டு ஊரே கொண்டாடும்போது, பின்னால் திருநம்பியாகப் போகும் அந்தப் பிள்ளைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நரகம். ஓ.பி. சீட்டில் உள்ள பழைய பெயரைக் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகக் கூப்பிடும்போது எழுந்து போவதா, டோக்கனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா என்று யோசிப்பார்கள். தலைகீழாகவும் நடக்கும். சரியான பெயரை ஒருவர் இயல்பாகச் சொல்லிக் கூப்பிட்டால், பிடித்த துணியை முதல்முறை உடுத்தினால் அன்றைக்கெல்லாம் மனம் லேசாக இருக்கும். அதற்குப் பாலின யூஃபோரியா என்றே பெயர் இருக்கிறது. திருநர் எல்லாருக்கும் டிஸ்ஃபோரியா இருக்கும் என்பதும் கிடையாது, இருக்கிற எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதும் கிடையாது. சிலருக்குப் பெயரும் உடையும் போதும், சிலருக்கு ஹார்மோன், சிலருக்கு அறுவை சிகிச்சை.

உள்ளிருந்து வரும் வேதனையையும் ஊர் கொடுக்கும் வேதனையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பிரித்திகா யாஷினி நம் சேலத்துக்காரர். வீட்டில் டாக்டர், கோயில், ஜோசியர் என்று கூட்டிக்கொண்டு அலைந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு சென்னைக்குப் போனார், காவல்துறை சார்பு ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம், விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2017-ல் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் பணியில் சேர்ந்தார். திருநங்கைகளில் நாட்டிலேயே முதல் சார்பு ஆய்வாளர். ஒரு படிவத்தில் மூன்றாவது கட்டம் இல்லாததற்கு எந்த மாத்திரையும் கிடையாது. அதைச் சரிசெய்ய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலத்தில் நடந்த கதை இது. திருநர் ஒருவர் மனம் உடைந்து வரும்போது உடல் சார்ந்த வேதனை எவ்வளவு, வீட்டைவிட்டுத் துரத்தியதால், வாடகைக்கு வீடு கிடைக்காததால் வந்தது எவ்வளவு என்று கேட்காத மருத்துவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

வீட்டுக்காரர்கள் கேட்பது வேறு: "மனசை மாத்தறதுக்கு மருந்து இருக்குங்களா?" இல்லை. இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருந்தார்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு கொடுத்தார். பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை, செய்பவர்மீது நடவடிக்கை என்றார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டார். தனக்கு இந்த விஷயத்தில் அதுவரை சரியான புரிதல் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஆக சிகிச்சையின் குறி வேதனைதான். அடையாளத்தின்மேல் கை வைக்கக் கூடாது. சிறுவர், சிறுமியருக்கு எந்த வயதில் என்ன மருந்து என்பதில் மட்டும் மருத்துவ உலகில் கருத்து ஒன்றாக இல்லை. பிரிட்டனில் சிறாருக்கான பாலின சிகிச்சையை ஆராய்ந்து 2024-ல் வந்த காஸ் அறிக்கையை ஒட்டி, பாலின டிஸ்ஃபோரியா உள்ள சிறாருக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகள் கொடுப்பதை அங்கே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

பாலின டிஸ்ஃபோரியாவோடு சேர்த்துக் குழப்பப்படும் ஒரு சொல் டிஸ்மார்ஃபியா. காதில் விழும்போது ஒன்று போலத்தான் இருக்கும். டிஸ்மார்ஃபியாவில் பிரச்சினை பார்வையில். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது கடுகளவே உள்ள குறை, இவருக்கு மலையளவு தெரியும். மூக்கு கோணல், முடி கொட்டிவிட்டது, மேல் சட்டை போட்டால் தோள் சின்னதாகத் தெரிகிறது என்று கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பார். ஜிம்மில் நாள் முழுக்கக் கிடக்கிற பையன்களில் சிலருக்கும் இது இருக்கும். மனநலக் கையேட்டில் இதன் இடம், கையை மறுபடி மறுபடி கழுவும் ஓசிடி நோய்க்குப் பக்கத்தில். மூக்கை அறுத்துச் சரிசெய்தாலும் நிம்மதி வருவது அபூர்வம். கவலை இன்னொரு இடத்துக்குப் போய் உட்காரும். பாலின டிஸ்ஃபோரியாவில் உடல் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் தெரிகிறது, பார்வையில் பிழையில்லை. மருத்துவ உதவி சரியாகக் கிடைத்தால் பலருக்கு வேதனை குறையவும் செய்கிறது. செய்தி எழுதுகிறவர்களே இரண்டையும் மாற்றி எழுதுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

அஞ்சு ரோட்டில் தட்டுவடை செட் கடையில் காலேஜ் பிள்ளைகள் பேசிக்கொள்வதில் இன்னொன்று கேட்கலாம்: ரிஜெக்‌ஷன் சென்சிட்டிவ் டிஸ்ஃபோரியா. அனுப்பின மெசேஜுக்கு நீல டிக் விழுந்து பதில் வரவில்லை என்றால் உடனே இது. அமெரிக்க மனநல மருத்துவர் வில்லியம் டாட்சன், ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு உள்ளவர்கள் நிராகரிப்பைத் தாங்க முடியாமல் துடிப்பதைக் குறிக்கப் பரப்பிய சொல். டிஎஸ்எம்மிலும் கிடையாது, ஐசிடியிலும் கிடையாது. அந்த வலி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிமிட ரீல்ஸ் பார்த்துத் தனக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் சீட்டாக அது போய்விட்டது. இதற்கு நேர்மாறாக, யாரும் பேசாத ஒன்று ஐசிடி-11-ல் இருக்கிறது: நன்றாக இருக்கும் காலையோ கையையோ தன்னுடையது அல்ல என்று உணர்ந்து, அது இல்லாமல் இருக்க வேண்டும் என்று தீராமல் ஏங்கும் நிலை. உடல் ஒருமை டிஸ்ஃபோரியா என்று சொல்லலாம். மிக மிக அரிது.

டாக்டரிடம் போகும்போது இந்தப் பெயர்களில் எதையும் சொல்ல வேண்டியதில்லை. எந்த நேரத்தில் கூடுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எதைச் செய்தால் இறங்குகிறது, புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள், தூக்கம் எப்படி, குடி உண்டா, இவ்வளவு சொன்னால் போதும். ஏற்காட்டிலிருந்தோ மலையில் இன்னும் உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்தோ வருகிறவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டுத்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும். "ரெண்டு மாசம் குறிச்சுட்டு வாங்க" என்று அங்கே சொல்லித் திருப்பி அனுப்பினால் அந்த நாள் வீண். காலண்டரில் குறித்து முடித்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்து வரலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் காலண்டர், இரண்டு மாதம் என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டுக்குள் 104-ம் உண்டு. மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைத்திருங்கள்.